ஆகிரி பிளேட்டு

பாட்டு கேட்கிறவன் பரமசாது என்று எவன் சொல்லிவைத்தானோ தெரியவில்லை. அந்த ஆளைப் பிடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தென்காசி ஆதம் சவுண்டு சர்வீஸ் கடைக்குள் உட்காரவைத்திருக்க வேண்டும். ஒரு நாடகக்காரி மேல் ஸ்தாயிக்குப் போகும்போது பாடுவது சொந்தக் குரலா, கள்ளக்குரலா என்ற தகராறில் தையற்காரர் செல்லச்சாமிக்கு முன்பல் இரண்டு போனது அங்கேதான். தட்டியவர் கோர்ட்டுக் குமாஸ்தா தில்லைநாயகம்; ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனுஷன் என்று ஊரில் பெயர். அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதே கிராமபோன் பிளேட்டைத் திரும்பக் கேட்டார்கள். முடிந்ததும் செல்லச்சாமி, காற்றுப் போகிற வாயை வைத்துக்கொண்டு, "இப்பவும் சொல்லுதேன், கள்ளக்குரல்தான்" என்றார்.

கடை மைதீனுடையது. கல்யாண வீடுகளுக்கும் கோயில் கொடைகளுக்கும் மைக் செட் வாடகைக்கு விடுகிற கடை. கோயிலின் மொட்டைக் கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரம். ஆறு நாளும் குழாய் ஸ்பீக்கரில் ஊரையே அலறவைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, சாவி கொடுக்கிற பழைய கிராமபோன் பெட்டியில் அவர்கள் நாலு பேர் பிளேட்டு கேட்பார்கள். அதற்கென்று சட்டதிட்டம் உண்டு. ஆளுக்கு ஒரு பிளேட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். இந்த வாரம் முழுக்க எதற்காக இதையே கேட்டேன் என்று காரணம் சொல்ல வேண்டும். 'நல்லாருக்கு' என்பதெல்லாம் காரணத்தில் சேராது. ஊசியைப் பிளேட்டில் வைத்துவிட்டால் அந்தப் பக்கம் முடிகிறவரை ஒருத்தரும் பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. கடை தீப்பற்றினாலும் மூன்று நிமிஷம் கழித்துத்தான் தண்ணீர் ஊற்றலாம்.

இந்தச் சட்டத்தைப் போட்டவன் மைதீனின் அண்ணன் ஆதம். ஐம்பத்தேழாம் வருஷம் தை மாதம், புளியறைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு செட் போட்டுவிட்டுத் திரும்பும்போது செத்துப்போனான். ஆம்ப்ளிபயரும் குழாயும் வண்டியில் முன்னால் வந்துவிட்டன. பிளேட்டுகள் வண்டியில் குலுங்கி உடையும் என்று பயந்து, பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆதம் பின்னால் வந்தான். காலையில் ரோட்டுக்குக் கீழே வாய்க்காலில் மண்டை பிளந்து கிடந்தான். சைக்கிள் அவன் மேலேயே கிடந்தது. சட்டைப்பையில் இருந்த பணம் நனைந்து அப்படியே இருந்தது. பிளேட்டுப் பெட்டியை மட்டும் காணவில்லை.

போலீஸ் வந்தது, எழுதிக்கொண்டு போனது. சாட்சி சொல்ல ஆள் இல்லை. ஆனால் மைதீன் ஒரு கணக்குப் போட்டுவைத்திருந்தான். சைக்கிளை விட்டு, பணத்தை விட்டு, பிளேட்டை மட்டும் தூக்கிப் போகிறவன் சாதாரணத் திருடன் இல்லை, பாட்டுப் பைத்தியம். பாட்டுப் பைத்தியம் எத்தனை வருஷம் ஆனாலும் நல்ல பிளேட்டை இன்னொருத்தனுக்குப் போட்டுக் காட்டாமல் இருக்கமாட்டான். அதனால் அண்ணன் செத்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததுமே ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியைத் திரும்ப ஆரம்பித்துவிட்டான். 'அண்ணன் மேல எவ்வளவு பாசம் பாரு' என்றது ஊர். அது பாசம்தான், ஆனால் கண்ணி வைக்கிற பாசம்.

பெட்டியில் இருந்த முப்பது சொச்சம் பிளேட்டுகளில் ஒன்று போதும் அவனுக்கு. சிவகிரிப் பக்கத்து நாகசுரக்காரர் ஒருவர், மூன்றே மூன்று பிளேட்டு கொடுத்துவிட்டு இளவயதில் போய்ச் சேர்ந்தவர், வாசித்த ஆகிரி ராகம். ஆகிரி வாசித்தால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்பார்கள். ஆதம் அதைக் கேட்டுவிட்டு வேண்டுமென்றே இரண்டு தட்டுச் சோறு தின்பான். அந்தப் பிளேட்டைப் புதிதாக வாங்கி வந்த அன்று உறையிலிருந்து எடுத்துக் கிராமபோனில் வைத்தவன் மைதீன். கைதவறி, ஊசி மாட்டுகிற சவுண்டு பாக்ஸ் பிளேட்டின் மேல் விழுந்தது. முதல் தடவையாகப் போட்டுக் கேட்டார்கள். நடுவில் நாகசுரக்காரர் வாசிப்பை நிறுத்தி மூச்சு வாங்குகிற இடத்தில், 'டிக் டிக்' என்று ஐந்து சொடுக்கு கேட்டது. ஆதம் பிளேட்டு முடிகிறவரை பேசவில்லை. முடிந்ததும் விட்டான் ஒரு அறை. ஒரு வாரத்துக்கு மைதீனின் இடது காதில் வண்டு கத்தியது.

அந்த ஐந்து சொடுக்கும் மைதீனுக்குத் தன் உடம்பிலேயே போட்ட தழும்பு. அவன் போட்ட காயம், அவன் வாங்கிய அடி. உலகத்தில் வேறு எந்தப் பிளேட்டிலும் அது இருக்க முடியாது என்று நினைத்தான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டி பாத்திமுத்துவிடம் கூட.

அறுபதாம் வருஷம் ஆனி மாதம் குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரம். கோபுரத்தடியில் காற்று ஆளைத் தள்ளியது. அன்றைக்குத் தில்லைநாயகம் அந்த நாடகக்காரியின் பிளேட்டைத்தான் திரும்பவும் கொண்டுவந்திருந்தார். "கடவாப்பல்லு வலி. அவ மேல போம்போது வலி நின்னுருது, எறங்குனதும் திரும்ப வருது. வாரம் பூரா அவளத்தான் வைத்தியம் பாக்கச் சொன்னேன்" என்றார். "எம்பல்லத் தட்டுன பாவம் சும்மா விடுமா?" என்றார் செல்லச்சாமி. மைதீன், தெருத்தெருவாகப் பாடிப் போகிற ஒரு பக்கிரிசாவின் பாட்டைப் போட்டான். அந்தப் பாட்டில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பாடுகிற குழறல் இருக்கிறது, செத்துப்போன வாப்பா பேசுகிற மாதிரியே இருக்கிறது என்றான்.

கடைசியாக வடகரை சுந்தரபாண்டியன். நஞ்சையும் தென்னந்தோப்பும் உள்ள வீட்டுப்பிள்ளை. முப்பது வயது, பெரிய மீசை, அதைவிடப் பெரிய சிரிப்பு. சேர்ந்து நாலு மாசம்தான் ஆகிறது. மைதீனை 'மாப்ளே' என்றுதான் கூப்பிடுவான்.

துண்டைப் பிரித்தான். உறையில்லாத பிளேட்டு. அதில் சிவகிரிக்காரர் பெயரைப் பார்த்ததும் மைதீன் சாவி கொடுக்கிற கைப்பிடியை எடுத்துக்கொண்டான்.

"காரணஞ் சொல்லணும்லா?" என்றான் சுந்தரபாண்டியன். "இதுல ஒரு எடத்துல மனுசன் மூச்சு வாங்குதாரு. வாங்கிட்டு, விட்ட எடத்துலருந்து பிடிக்காம, அதுக்குக் கீழ போயிப் பிடிக்காரு. அந்த மூச்சுல என்னத்த நெனச்சாரு? அதக் கண்டுபிடிக்கணும்னுதான் பத்து நாளாக் கேக்கேன். வயக்காட்டுக்குப் போவல."

"எங்கன கெடச்சிது அண்ணாச்சி?" மைதீன் சாவி கொடுத்துக்கொண்டே கேட்டான்.

சுந்தரபாண்டியன் முகம் சிவந்து, மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தான். "அத மட்டும் கேக்கப்படாது மாப்ளே. செத்தாலும் சொல்லமாட்டேன்."

ஊசியை வைத்தார்கள். ஆகிரி கிளம்பியது. மைதீன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று ஒரு மனசு; இருக்கட்டும், இன்றைக்கே இருக்கட்டும் என்று இன்னொரு மனசு. வாசிப்பு நின்றது. மூச்சு. ஐந்து சொடுக்கு.

அப்புறமும் ஒன்றரை நிமிஷம் ஓட வேண்டியிருந்தது. அண்ணன் போட்ட சட்டம் அவனை அசையவிடாமல் உட்காரவைத்தது. எதிரே சுந்தரபாண்டியன் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். இந்தத் தலையை எதால் பிளக்கலாம் என்று மைதீன் யோசிக்கத் தொடங்கினான். அந்த ஒன்றரை நிமிஷம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அங்கேயே சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருப்பான், நாலு பேர் விலக்கிவிட்டிருப்பார்கள், உண்மையும் வெளியே வந்திருக்கும். பிளேட்டு முடிகிறபோது ஆத்திரம் ஆறிவிட்டிருந்தது. ஆறின ஆத்திரம்தான் ஆளைக் கொல்லும்.

"அடுத்த ஞாயித்துக்கெழம குத்தாலத்துக்குப் போவமா அண்ணாச்சி? செண்பகாதேவிக்கு மேல ஏறிக் குளிச்சிட்டு வரலாம்" என்றான், மற்ற இரண்டு பேரும் கிளம்பிப் போன பிறகு.

"ரெண்டு பேரு மட்டுமா? வாரேன் மாப்ளே" என்றான் சுந்தரபாண்டியன்.

பெரிய அருவியில் ஜனம் நெருக்கியது. தலையில் எண்ணெய் வழிய வழியப் போகிறவர்களைத் தாண்டி, இரண்டு பேரும் காட்டு வழியாகச் செண்பகாதேவி அருவிக்கு ஏறினார்கள். சுந்தரபாண்டியன் வழியெல்லாம் ஆகிரியை முணுமுணுத்துக்கொண்டே போனான். மைதீன் தோளில் ஒரு பை. பைக்குள் கிராமபோனுக்குச் சாவி கொடுக்கிற இரும்புக் கைப்பிடி. அருவிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காத இடம் வந்ததும், ஆற்றோரப் பாறையில் சுந்தரபாண்டியன் சட்டையைக் கழற்றத் தலைக்கு மேலே தூக்கினான். அந்த நேரம் பார்த்து முதல் அடி விழுந்தது, வலது காதோடு சேர்த்து.

சட்டையை முகத்திலிருந்து பிடுங்கி எறிந்தவன் காதைப் பொத்திக்கொண்டு விழித்தான். ரத்தம் விரல் இடுக்கில் வழிந்தது. "என்னலே மாப்ளே!" என்றான். அப்போதும் மாப்ளே என்றுதான் சொன்னான்.

"எங்கண்ணன் பொட்டி எங்கன இருக்கு? மிச்சப் பிளேட்ட எங்கன வச்சிருக்க?" மைதீன் அவன் காதருகே குனிந்து கத்தினான்.

"எந்த அண்ணன்? எந்தப் பொட்டி?"

இரண்டாவது அடி வலது முழங்கையில். எலும்பு நொறுங்கியது மைதீனின் கைக்கே தெரிந்தது. சுந்தரபாண்டியன் பலசாலி. நல்ல கையால் மைதீனின் கழுத்தைப் பிடித்துப் பாறையில் மோதினான். மைதீனின் புருவம் கிழிந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. ஈரப் பாறையில் இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். மைதீன் அவன் மணிக்கட்டைக் கடித்தான். பிடி தளர்ந்ததும் மேலே ஏறி உட்கார்ந்தான்.

"அந்த ஆகிரிய யாருகிட்டருந்து எடுத்தலே?"

"எம்பொண்டாட்டி வாங்கிக் குடுத்தா... சத்தியமா... மாரித்தாய் வாங்கிக் குடுத்தா..."

மைதீன் சிரித்துவிட்டான். பொய் சொல்கிறவன் கொஞ்சம் நம்புகிற மாதிரியாவது சொல்லக் கூடாதா? வடகரையில் எந்த வீட்டுப் பொம்பளை கடைக்குப் போய் நாகசுரப் பிளேட்டு வாங்குகிறாள்? அந்தப் பொய்க்காகவே இன்னும் ஓங்கி அடித்தான். இடது காது, வலது காது, திரும்ப இடது காது. கீழே கிடந்தவன் கத்துவது நின்று, உதடு மட்டும் அசைந்து, அதுவும் நின்றது. மைதீன் கைப்பிடியை ஆற்றில் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். அன்று வீட்டில் பாத்திமுத்து புருவத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டினாள். வழுக்கி விழுந்தேன் என்றான். மூன்று வருஷத்துக்கப்புறம் முதல் தடவையாக வயிறாரத் தின்றான்.

சுந்தரபாண்டியன் சாகவில்லை. தேன் எடுக்கப் போன ஆட்கள் பார்த்துத் தூக்கிவந்தார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டபோது, அவனும் பாறையில் வழுக்கி விழுந்ததாகத்தான் சொன்னான். போய்ப் பார்த்துவிட்டு வந்த தில்லைநாயகம் கடையில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"காது ரெண்டும் போச்சுய்யா. பக்கத்துல வெடி வெடிச்சாலும் கேக்காதுங்காங்க. வலதுகை மடங்கல. வழுக்கி விழுந்தேன் வழுக்கி விழுந்தேங்கான். வழுக்கி விழுந்தவன் எதுக்குக் கட்டிலுக்கடியில அருவா வச்சிருக்கான்? எடது கையால தென்னமட்டையக் கொத்திப் பழகுதான்னு மாரித்தாய் அழுதா."

மைதீனுக்குப் புரிந்தது. ஒற்றை ஆளிடம் அடிபட்டு விழுந்தேன் என்று சொல்ல அந்த மீசை விடவில்லை. தானே வந்து தீர்ப்பான். வரட்டும் என்றிருந்தான் மைதீன். அண்ணனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிறைவு அவனுக்கு. அதில் ஒரு பொட்டுக் கலக்கம் கூட இல்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தில்லைநாயகம் புதுப் பிளேட்டு ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். கடை உறை கூடப் பிரிக்கவில்லை.

"பாண்டியன் கொண்டாந்த ஆகிரி. மதுரைக்கு எழுதிப் போட்டு வரவழைச்சேன். நேத்துத்தான் பார்சல் வந்துது" என்றார். "காரணம் என்னன்னா, அவன் கண்டுபிடிக்கணும்னானே, அந்த மூச்ச... இனி அவனால கேக்க முடியாது. நம்மளாவது கேட்டுச் சொல்லுவோம்னுதான்."

செல்லச்சாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைதீன் புது ஊசி மாட்டி வைத்தான். ஆகிரி கிளம்பியது. வாசிப்பு நின்றது. மூச்சு. ஐந்து சொடுக்கு.

மைதீன் எழுந்துவிட்டான். சட்டம் போட்ட நாளிலிருந்து ஊசி ஓடும்போது எழுந்த முதல் ஆள் அவன்தான். மற்ற இரண்டு பேரும் முறைத்தார்கள். அவன் பிளேட்டை நிறுத்தி, கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தான். கடுகளவு ஒரு புள்ளி தெரிந்தது.

"இது... இது யாரு போட்ட கீறல்?"

"கீறலா?" தில்லைநாயகம் பிளேட்டை வாங்கி நகத்தால் தடவினார். "பாண்டியன் பிளேட்டுலயும் இதே சத்தம் கேட்டுது. அவன் ஊசியில கோளாறோன்னு நெனச்சேன். இது கம்பெனியில அச்சுல விழுந்த குத்தம்யா. அந்த அச்சுல அடிச்ச அத்தன பிளேட்டுலயும் இருக்கும். தடவிப் பாரு, மேடா இருக்கு. மேல ஏதும் விழுந்து அடிபட்டா பள்ளம்லா விழும்? மேடு எப்படி வரும்?"

மைதீன் தடவிப் பார்த்தான். மேடுதான். ஒரு பரு மாதிரி நகத்தில் தட்டியது. பள்ளம் விழும், மேடு விழாது. நூறு பிளேட்டைத் தேய்த்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். அண்ணனுக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு இரண்டு பேருமே தடவிப் பார்க்கவில்லை. அண்ணன் அறைந்தான், இவன் வாங்கிக்கொண்டான். செய்யாத குற்றத்துக்கு வாங்கிய அடி அது. அந்த அடியைச் சாட்சியாக வைத்து, செய்யாத குற்றத்துக்கு இன்னொருத்தன் காதை உடைத்துவிட்டான். மைதீன் கடை வாசலுக்குப் போய்த் தின்றதெல்லாம் வாந்தி எடுத்தான்.

ஆதமைக் கொன்றவன் யாரென்று இன்றுவரை தெரியாது. லாரி தட்டி விழுந்திருக்கலாம், பெட்டியை வாய்க்கால் தண்ணீர் இழுத்துப் போயிருக்கலாம். அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் மைதீன் அப்போது இல்லை. "பிளேட்ட இன்னைக்கு மட்டும் குடுங்க அண்ணாச்சி" என்றான். தில்லைநாயகம் பெற்ற பிள்ளையைக் கேட்டால் கூடத் தருவார், பிளேட்டை இரவல் தரமாட்டார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டில் சுற்றிக் கொடுத்தார்.

வடகரையில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. தோப்புக்கு நடுவில் வீடு. மாரித்தாய் களத்தில் காயப்போட்ட நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. புருஷன் சொல்லிக் கேள்விப்பட்டிருந்ததால், "வாங்க அண்ணே, தென்காசிக் கடையா?" என்றாள்.

மைதீன் நின்ற இடத்திலேயே நின்றான். "அந்த ஆகிரிப் பிளேட்டு நீங்க வாங்கிக் குடுத்ததாம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா. செங்கோட்டைக்குத் தம்பியக் கூட்டிட்டுப் போயி நாந்தான் வாங்குனேன். மவன் பொறந்ததுக்கு அவரு எனக்குச் சேல எடுத்தாரு. நான் அவருக்கு அத எடுத்தேன். பொண்டாட்டி வாங்கிக் குடுத்தான்னு வெளிய சொல்ல அவருக்கு அவ்வளவு வெக்கம்."

மைதீன் அழுதான். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். அண்ணன், வாய்க்கால், ஐந்து சொடுக்கு, செண்பகாதேவிப் பாறை, இரும்புக் கைப்பிடி. மாரித்தாய் முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் குழந்தையை இறுக்கிக்கொண்டு இரண்டு எட்டுப் பின்னால் போனாள். ஒரு பிடி மண்ணை அள்ளி அவன் முகத்தில் வீசினாள். "பாவி! பாவி! அவரு ஒன்னப் பத்தியேலா பேசிக்கிட்டு இருப்பாரு!" என்று கத்தினாள்.

மண்ணைத் துடைக்காமல் மைதீன் சொன்னான்: "மன்னிப்புக் கேக்க வந்துருக்கேன் தாயி. என்ன செஞ்சாலும் செய்யட்டும். நான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன்னு மட்டும் அவருகிட்டச் சொல்லணும்."

தோப்புப் பக்கமிருந்து சுந்தரபாண்டியன் வந்துகொண்டிருந்தான். களத்தில் அவன் கண்டது இதுதான்: பெண்டாட்டி குழந்தையோடு பின்னால் போய் வாயைத் திறந்து அலறுகிறாள், எதிரே அவனை அடித்த ஆள், துண்டில் சுற்றிய எதையோ கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறான். அந்தச் சீமையில் வெட்ட வருகிறவன் துண்டில் சுற்றி அக்குளில் வைக்கிற சாமான் எதுவென்று எல்லாருக்கும் தெரியும். சுந்தரபாண்டியன் இடது கையால் அரிவாளை உருவிக்கொண்டு ஓடிவந்தான்.

மாரித்தாய் பார்த்துவிட்டாள். இப்போது அவள் கத்தியது வேறு. "வேண்டாம்! மன்னிப்புக் கேக்காரு! வேண்டாம்யா, மன்னிப்புக் கேக்க வந்துருக்காரு!"

மைதீன் திரும்பினான். தப்பித்து ஓடுகிற எண்ணமே அவனுக்கு இல்லை. காட்டினால் புரிந்துவிடும் என்று நினைத்து, அவசரமாகத் துண்டைப் பிரிக்கக் கையைக் கக்கத்துக்குள் விட்டான். அதைப் பார்த்த பிறகு சுந்தரபாண்டியன் நிதானிப்பானா? ஓடிவந்த வேகத்தில் ஓங்கி வெட்டினான். தோளில் இறங்கிய அரிவாள் நெஞ்செலும்புவரை போனது. பிளேட்டு களத்தில் விழுந்து நாலு துண்டாய் உடைந்தது. மைதீன் அதற்குப் பக்கத்தில் நெல்லின் மேல் விழுந்தான்.

சுந்தரபாண்டியன் இரண்டாவது வெட்டுக்கு ஓங்கிய கையை அப்படியே நிறுத்தினான். உடைந்த துண்டு ஒன்றில் சிவகிரிக்காரர் பெயர் தெரிந்தது. தான் துண்டில் சுற்றிக் கொண்டுபோன அதே ஆகிரி. துண்டுக்குள் வேறெதுவும் இல்லை. கீழே கிடந்தவனின் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவன் குனிந்து அந்த உதட்டையே பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகத்தில் ஒரு பயம் ஏறியது.

"ஏட்டி," என்றான், செவிடானவர்கள் பேசுகிற பெரிய குரலில். "என்ன சொல்லுதான் இவன்? என்னமோ சொல்லுதானே, என்ன சொல்லுதான்?"

மாரித்தாய் சொன்னாள். குழந்தையைக் கீழே கிடத்திவிட்டு, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பித் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் அவள் வாயைப் பார்த்து, "கேக்கலட்டி, கேக்கல, இன்னொருக்க சொல்லு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். நெல்லின் மேல் கிடந்த மைதீனுக்கு இரண்டு பேர் குரலும் கொஞ்ச நேரம்வரை கேட்டது.